பொடுகென்றே இருக்கட்டும்

கோபிசெட்டிபாளையத்தில் பெண் வீட்டில் தட்டு மாற்றி முடிந்து, பந்தியில் பாயசம் வந்துகொண்டிருந்தது. பெண்ணின் தாய் சாந்தாமணி, மாப்பிள்ளையின் தாய் ராசாத்தாளின் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் குரலில் அவமதிப்பு எதுவும் இல்லை. சங்கடம்தான் இருந்தது.

“ஏனுங்கக்கா, ஒண்ணு கேக்கோணும். தப்பா எடுத்துக்கப்படாது.”

“கேளுங்க.”

“இணைச்சீர் உங்க பெரிய புள்ளதான செய்யும்?”

“பின்ன? ஒரே அக்கா. வேற ஆரு செய்வாங்க?”

“அதுக்கில்லீங்க. அம்மணிக்குத் தலைல என்னமோ வெள்ளவெள்ளையா இருக்குது. தோள்லயும் கொட்டிக் கெடக்குது. கூறைச்சேலைய அது தலைமேல வெச்சுத்தான கொண்டுவரோணும்? பொறகு அதையவே எங்க புள்ள கட்டோணும். பாத்தவீங்க நாலு பேரு கேட்டுப்போட்டாங்க. அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்குது.”

எதிர் இலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பன் அப்புசாமிக்கு அது கேட்டது. பாயசத்தை வழித்துக்கொண்டே சிரித்தார். “வெறும் பொடுகுங்க தங்கச்சி. முகூர்த்தத்துக்குள்ள பளிச்சுனு ஆயிரும்.”

ராசாத்தாளுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த மகள் பிரவீனாவுக்கும் எல்லாம் கேட்டது. அவள் துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, இலையை மடித்தாள்.

அப்புசாமிக்குக் காங்கேயத்துக்கு வெளியே தேங்காயெண்ணெய் ஆலை இருந்தது. அதை இப்போது மகன் சுரேந்தர் பார்த்துக்கொண்டான். மூத்தவள் பிரவீனா தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. தம்பிக்கு முதலில் கல்யாணம் நடப்பதைப் பற்றி உறவினர்கள் பேசி ஓய்ந்திருந்தார்கள்.

இணைச்சீர் தாலிக்கு முன்னால் நடப்பது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை மணப்பெண் போலவே சோடித்து, பெண்ணுக்கான கூறைச்சேலையை மூங்கில் பேழையில் வைத்து அவள் தலையில் ஏற்றுவார்கள். அவள் தம்பியைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். சேலையின் ஒரு முனை அவள் கையில் இருக்கும், மறு முனை அவன் கையில் இருக்கும். இனி ஒருத்தி வந்தாலும் இந்த வீட்டில் உன் இடம் உன்னுடையதுதான் என்று சபைக்கு முன்னால் சொல்வது அது என்பார்கள். கல்யாணமாகிப் போய்விட்ட பெண்ணுக்கு அது ஒரு மரியாதை. வந்த வரன்களெல்லாம் நின்றுபோய், முப்பதைத் தாண்டியும் பிறந்த வீட்டிலேயே இருக்கும் பிரவீனாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

தலையில் அது தொடங்கியது கல்லூரியின் கடைசி வருடத்தில். எலுமிச்சை, தயிர், ஊறவைத்த வெந்தயம், செம்பருத்தி இலை, தொலைக்காட்சியில் வந்த எல்லா ஷாம்புகளும் அதன்மேல் போய்விட்டன. அப்புசாமி தன் பங்குக்கு வெட்பாலை இலையைப் பறித்துவரச் செய்து, ஆலையின் முதல்தரமான எண்ணெயில் போட்டு, வெயிலில் வைத்து ஊதா நிறம் ஏறியதும் வடிகட்டிக் கொடுத்தார். “ஊருக்கெல்லாம் எண்ணெய் குடுக்கறேன். என்ற புள்ள தலைக்குக் குடுக்கமாட்டனா?” என்பார். எண்ணெய் செதிலை ஊறவைத்தது. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

ஊறிய செதிலை எடுப்பது ராசாத்தாளின் வேலை. சனிக்கிழமைகளில் கொல்லையில் ஸ்டூல் போட்டு மகளை உட்காரவைப்பார். கீழே செய்தித்தாளை விரித்து, பேன்சீப்பால் வேரோடு சுரண்டுவார். பட்டை பட்டையாக உதிரும். “பாரு, எத்தன வந்திருக்குதுன்னு” என்று காகிதத்தை மகளிடம் காட்டும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். சில இடங்களில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும். அதன்மேல் மஞ்சள் வைப்பார். அன்று சாயங்காலம் தலை சுத்தமாக இருக்கும். அடுத்த சனிக்கிழமைக்குள் முன்பைவிடத் தடிப்பாக வந்துவிடும். அடுத்த சனிக்கிழமை அவர் இன்னும் அழுத்திச் சுரண்டுவார்.

பள்ளியில் சிலகாலம் அதற்கு ஒரு காரணம் இருந்தது. “மிஸ், தோள்ல சாக்பீஸ் தூளுங்க” என்று பிள்ளைகளே தட்டிவிடுவார்கள். பிறகு நிர்வாகம் கரும்பலகைகளை எடுத்துவிட்டு, மார்க்கரால் எழுதும் வெள்ளைப் பலகைகளை மாட்டியது. அதற்குப் பிறகு யாரும் சாக்பீஸ் என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்கள். அவள் வெளிர் நிறங்களைத் தவிர வேறு எதையும் உடுத்துவதை நிறுத்தினாள்.

கோபியிலிருந்து திரும்பிய வாரமே அவர்கள் கோயம்புத்தூருக்குப் போனார்கள். சுரேந்தர்தான் கார் ஓட்டினான். டாக்டர் சாயிரா பானு தோல் மருத்துவர், அதிகம் பேசாதவர். பிரவீனாவின் முடியை வகிர்ந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நெற்றி ஓரத்தையும் காதின் பின்புறத்தையும் பார்த்தார். பிறகு, “கையக் காட்டுங்க” என்றார்.

“தலைலதானுங்க டாக்டர்” என்றார் ராசாத்தாள்.

“நகம் பாக்கணும்மா.”

பிரவீனா நீட்டினாள். நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோலச் சிறுசிறு குழிகள் இருந்தன. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தலையோடு சேர்த்து நினைத்ததே இல்லை.

“பொடுகுன்னா தூளா இருக்கும், தட்டினா கொட்டிடும். கீழ தோல் பெரிசா சிவந்திருக்காது. இது வெள்ளி மாதிரி அடுக்கடுக்கா ஏறியிருக்கு பாருங்க. ஓரம் கோடு போட்ட மாதிரி, கீழ நல்லா சிவப்பு. முடியத் தாண்டி நெத்திக்கும் வந்திருக்கு. இது சொரியாசிஸ்.”

“தொத்துமுங்களா?” ராசாத்தாள்தான் முதலில் கேட்டார்.

“தொத்தாது. ஒரே சீப்பு, ஒரே துண்டு, ஒரே தலகாணி, எதுலயும் தொத்தாது.”

பிரவீனாவின் முகம் தெளிந்தது. “அம்மா, கேட்டீங்கள்ல?” என்றாள்.

“பின்ன எப்புடிங்க வந்துச்சு?” என்றார் அப்புசாமி.

“உடம்பே தோலை அவசரமா வளக்குது. சிலருக்குப் பரம்பரையா வரும். உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?”

“எங்க பெரியப்பனுக்கு முழங்கையில...” என்று தொடங்கிய அப்புசாமி, மனைவியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “அது வேறங்க. அது மண்ணுல வேலை செஞ்சது.”

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். செதிலை இளக்க ஒரு தைலம், தார் கலந்த ஷாம்பு, அதை உடனே அலசாமல் சற்றுநேரம் விட வேண்டும். சிவப்பை அடக்க ஒரு லோஷன், அதைச் சொன்ன அளவுக்குமேல் போடக் கூடாது. எண்ணெய் வைக்கலாமா என்று அப்புசாமி கேட்டார். ஊறவைக்க வைக்கலாம், அது மருந்தில்லை என்றார் டாக்டர். அப்புசாமி முதல் பாதியை மட்டும் கேட்டு மனைவியைப் பெருமையோடு பார்த்தார்.

“சீப்புல சுரண்டவே கூடாது. காயம் படற எடத்துல அது இன்னும் அதிகமா வரும்.”

ராசாத்தாள் மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிரவீனா அந்தக் கைகளின்மேல் தன் கையை வைத்தாள்.

“இன்னொண்ணு. ஊசியும் மாத்திரையும் குடுத்து உடனே சரி பண்றேன்னு யாராவது சொன்னா போயிடாதீங்க. அந்த மாத்திரைய நிறுத்தினதும் முன்னவிட மோசமா திரும்பும்.”

“முழுசாப் போயிருங்களா டாக்டர்?” என்றாள் பிரவீனா.

“அடங்கும். திரும்ப வரும். திரும்ப அடக்கலாம்.” அவர் பேனாவை மூடினார். “கல்யாணம் ஆவணிலதான? அதுக்குள்ள நல்லாவே அடங்கிடும்.”

கார் பல்லடத்தைத் தாண்டியது. பிறகு பிரவீனா சொன்னாள். “அப்பா, டாக்டரையே சாந்தாமணி அத்தைகிட்ட ஒரு வார்த்தை ஃபோன்ல பேசச் சொல்லலாமுங்களா? தொத்தாதுன்னு தெரிஞ்சா அவங்க பயம் போயிரும். எப்படி இருந்தாலும் நான் சீர் செய்யலாம்.”

“அப்புடிச் சொல்லீரலாந்தான் கண்ணு.” அப்புசாமி வெளியே பார்த்தபடியே பேசினார். “தொத்தாதுன்னா பின்ன எப்புடி வந்துச்சுன்னு கேப்பாங்க. பரம்பரைன்னு சொல்லோணும். அப்புறம் மாப்பிள்ளைக்கும் வருமாம்பாங்க. அவனுக்குப் பொறக்கறதுக்கும் வருமாம்பாங்க. டாக்டரம்மா அதுக்கு இல்லைன்னு சொல்லுவாங்களா?”

அவள் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“நாலு வருசம் அலைஞ்சுதான் இந்த ஒரு எடம் அமைஞ்சிருக்குது. நம்ம சனத்துல பையனுக்குப் பொண்ணு கெடைக்கறது எப்புடி இருக்குதுன்னு உனக்குத் தெரியாததா அம்மணி? கேரளாவுக்குப் போயிப் பொண்ணெடுத்துட்டு வாராங்க. பொடுகுன்னு சொல்லிப்போட்டேன். பொடுகுன்னே இருக்கட்டும். அதுதான் ஆவணிக்குள்ள சரியாயிருமில்ல?”

சுரேந்தர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தான்.

மருந்து வேலை செய்தது, மெதுவாக. பிரவீனா கருப்புத் துப்பட்டா ஒன்றைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் தலையைக் குனிந்து முடியை உதறிப் பார்ப்பாள். வாரத்துக்கு வாரம் வெள்ளை குறைந்தது. நெற்றியிலிருந்த தடிப்பு தட்டையானது, பிறகு இளஞ்சிவப்புக் கோடாக மாறியது. சனிக்கிழமைகளில் ராசாத்தாள் கொல்லைக் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போவார். “அரிச்சா மட்டும் சொல்லு. மெதுவா எடுத்துவுடறேன்” என்றார் ஒருநாள். “வேண்டாமுங்கம்மா” என்றாள் மகள். அவர் பேன்சீப்பைக் கழுவி ஓட்டு இடுக்கில் செருகிவைத்தார்.

இந்த வேகத்தில் ஆவணி வந்திருந்தால் எல்லாம் நடந்திருக்கும். ஆனால் மணப்பெண் லோகப்பிரியாவின் தாத்தா ஈரோட்டில் மருத்துவமனையில் படுத்துவிட்டார். அவர் கண் மூடுவதற்குள் பார்க்க வேண்டும் என்று கல்யாணத்தை வைகாசியிலேயே வைத்துவிட்டார்கள். அதில் குறைசொல்ல எதுவும் இல்லை.

கூறைச்சேலை எடுக்க இரண்டு வீட்டாரும் கோயம்புத்தூரில் துணிக்கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சாந்தாமணியின் கண் சேலையிலிருந்து பிரவீனாவின் நெற்றிக்கும் நெற்றியிலிருந்து சேலைக்கும் போய்வந்தது.

“எவ்வளவோ பரவால்லீங்க. இன்னுங் கொஞ்சம் இருக்குதாட்டம் இருக்குது. நாளும் கிட்ட வந்திருச்சு.” அவர் ராசாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணும் சங்கடப்படாதீங்கக்கா. உங்க கொழுந்தனார் மக தாரணி இருக்குதுல்லோ? அது செஞ்சாலும் சீர்தானுங்க.”

லோகப்பிரியா தாயை முறைத்தாள். “அம்மா, சும்மாருங்க.” பிறகு, நாத்தனாராகப் போகிற பிரவீனாவிடம் திரும்பி, “இந்த அரக்கு நல்லாருக்குதுங்களா நங்கையா?” என்றாள். நல்ல பெண். பிரவீனாவுக்கு அவளைப் பிடித்திருந்தது.

தாராபுரம் சாலையில் ஒரு கிளினிக் இருப்பதாக ராசாத்தாளுக்கு உறவுக்காரப் பெண் ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள். அங்கிருக்கும் டாக்டர் ஊசியும் பொட்டலத்தில் மாத்திரையும் தருவார், எந்தத் தோல் நோயாக இருந்தாலும் வாரத்தில் மறைந்துவிடும். ராசாத்தாள் அதை மகளிடம் சொன்னது போகச் சொல்வதற்காக அல்ல. சேலைக் கடையிலிருந்து வந்த பிறகு, அந்த இடம் எங்கே என்று கேட்டது பிரவீனாதான்.

“டாக்டரம்மா வேண்டான்னு சொன்னாங்களே கண்ணு.”

“தெரியுமுங்கம்மா.”

“திரும்ப வருமுன்னாங்க.”

“கல்யாணத்துக்குப் பொறகு வரட்டும். எனக்கு ஒரே ஒரு நாள் தலை சுத்தமா இருந்தாப் போதும்.”

ராசாத்தாள் சேலை மாற்றிக்கொண்டு கூடக் கிளம்பினார்.

ஊசி போட்டபின் நடந்தது, அவள் பத்து வருடமாகக் கனவில் கண்டது. சிவப்பு வெளிறியது. செதில் நின்றது. காதின் பின்புறம் சாதாரணத் தோலாக, மென்மையாக இருந்தது. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கருப்புச் சுடிதார் ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனாள். “மிஸ், இன்னிக்கு உங்க பர்த்டேவா?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். “ஆமா, சாக்லேட் நாளைக்கு” என்றாள். சாந்தாமணி வீடியோ அழைப்பில் பார்த்து, “அடடா, என்ற கண்ணே பட்டிரும்போல இருக்குது. நீதான் சாமி சீர் செய்யோணும்” என்றார். அன்று ராசாத்தாள் பூஜை அறையில் வெகுநேரம் நின்றார்.

பொட்டலம் தீர்ந்தபோது கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. தாயும் மகளும் மறுபடி போனார்கள். கிளினிக் பூட்டியிருந்தது. டாக்டர் எங்கோ போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார் பக்கத்து பேக்கரிக்காரர். மாத்திரைக்குப் பெயர் இல்லை. அட்டையிலிருந்து பிரித்து, வெள்ளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். மருந்துக் கடைக்காரரிடம் காகிதத்தை நீட்டி என்ன கேட்பது?

திரும்பி வந்தது தலையோடு நிற்கவில்லை. நெற்றி, கழுத்து, முழங்கை, முதுகு என்று பரவியது. தலையணையைக் காலையில் வெளியே கொண்டுபோய் உதற வேண்டியிருந்தது. பிரவீனா டாக்டர் சாயிரா பானுவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. உடனே வரச் சொன்னார். “மெதுவாத்தான் அடக்க முடியும், பிரவீனா. முகூர்த்தம் என்னிக்கு?”

அவள் சொன்னாள்.

“அதுக்குள்ள முடியாதும்மா.”

கல்யாணம் காங்கேயத்தில் ஒரு மண்டபத்தில். காலையில் மாப்பிள்ளைக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது. நாவிதரான குடிமகன் கருப்புசாமி சுரேந்தரின் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதோரம் கத்தியை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு மற்றதை முடித்தார். துண்டோடு அருகில் நின்ற பிரவீனா குனிந்து பார்த்தாள். காதின் பின்னால், முடிக்குள் பாதி மறைந்து, காசளவு வட்டம். ஓரம் கோடு போட்டதுபோல. மேலே வெள்ளி அடுக்கு.

அவள் துண்டைக் கொடுக்கும் சாக்கில் தம்பியின் கையைத் திருப்பிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். அதிலும் குண்டூசிக் குழிகள்.

“ஹெல்மெட் ஒரசுனது” என்றான் சுரேந்தர், அவள் எதுவும் கேட்காமலேயே.

“எப்ப இருந்து?”

அவன் கருப்புசாமி எழுந்து தள்ளிப்போகும்வரை காத்திருந்தான். “பொங்கல் சமயத்துல இருந்து.”

அதாவது, தட்டு மாற்றுவதற்கு முன்பிருந்து. காரில் அப்பா பேசியபோது அவனுக்குத் தெரியும்.

“லோகாகிட்டச் சொன்னயா?”

“அக்கா, இன்னிக்குப் போயி...” இருபத்தெட்டு வயது ஆண், மடியில் துண்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். “நீ பட்டதெல்லாம் பாத்துட்டேதான இருந்தேன். எனக்குப் பயமா இருக்குதுக்கா.”

அவள் அவன் முடியைக் காதின்மேல் இழுத்து, அந்த வட்டம் தெரியாதபடி ஒதுக்கிவிட்டாள்.

பெண்கள் அறையில் பிரவீனாவுக்குச் சோடனை நடந்தது. ராசாத்தாள் நெற்றி முடியோரம் முழுவதும் மல்லிகையை இறக்கி வைத்திருந்தார். அழகு நிலையத்திலிருந்து வந்த பெண் கழுத்தில் பூசியது காய்ந்து பிளந்து, அடியிலிருந்து சிவப்பு தெரிந்தது. சாந்தாமணி தன் நாத்தனாரோடு உள்ளே வந்தார். பார்த்தார். இரண்டு பேரும் கதவருகிலேயே நின்றார்கள்.

“ஏனுங்கக்கா, அன்னிக்கு வீடியோல பளிச்சுனு இருந்துச்சுங்களே?”

“வெயிலுங்க... வேர்வைங்க...” என்றார் ராசாத்தாள்.

நாத்தனார் சுற்றிவளைக்கவில்லை. “இது பொடுகாட்டம் இல்லீங்க. எங்கூர்ல ஒருத்தருக்கு இப்புடித்தான் இருக்குது, அவரு அப்பனுக்கும் இருந்துச்சு. குடும்ப வியாதிம்பாங்க. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்லையுங்களே?”

வாசலில் அப்புசாமி வந்து நின்றிருந்தார். பிரவீனா அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“இல்லீங்கத்தை” என்றாள் பிரவீனா. வகுப்பில் பேசுவதுபோலத் தெளிவாக வந்தது குரல். “குடும்பத்துல ஆருக்கும் இல்லீங்க. இது படை மாதிரி. பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளைகிட்ட இருந்து எனக்குத் தொத்திக்கிச்சு.”

“தொத்துமுங்களா?”

“தொத்துமுங்க.”

சாந்தாமணி பின்னால் ஒரு அடி வைத்தார். அது தானாக நடந்தது, அவரே அதை உணர்ந்து வருத்தப்பட்டவர்போல உடனே முகத்தைக் கனிவாக்கிக்கொண்டார். “நீயாச் சொன்னயே சாமி. அந்த மனசு ஆருக்கு வரும்? ஒடம்பப் பாத்துக்கோணும் கண்ணு.” நாத்தனாரின் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. தொத்து என்றால் தள்ளி நின்றால் போதும்.

தாரணியைக் கூப்பிட்டார்கள். அவள் கல்லூரியில் படிக்கும் பெண், அவசரமாகப் புடவை சுற்றி அழைத்துவந்தார்கள். பேழையைத் தலையில் ஏற்றியபோது, அது சரிந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுரேந்தரைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சடங்கை நடத்தும் அருமைக்காரர் சேலையின் முனைகளை இருவர் கையிலும் கொடுத்தார். பிரவீனா மண்டபத்தின் கடைசி வரிசையில், மின்விசிறி இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விசிறிக் காற்றில் செதில் பறக்கும்.

ஒருமுறை சொன்ன பொய்யை வீட்டிலும் நடத்த வேண்டியிருந்தது. லோகப்பிரியா வந்த வாரம் ராசாத்தாள் மகளுக்குத் தனிச் சோப்பு, தனி வாளி, தனித் துண்டு எடுத்துவைத்தார். துண்டில் அடையாளத்துக்குப் பச்சை நூல் தைத்தார். தைக்கும்போது அழுதார். “அவளுக்குச் சந்தேகம் வந்திரப்படாதில்ல கண்ணு” என்றார். பிரவீனா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

லோகப்பிரியா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. “நங்கையா, உங்க துணிய நான் தனியா மெஷின்ல போட்டுர்றேனுங்க, நீங்க சிரமப்படாதீங்க” என்பாள். கையுறை போட்டுக்கொண்டு போடுவாள்.

சுரேந்தர் லோஷனை ஆலை அலுவலகத்தில் வைத்திருந்தான். பிரவீனாவின் பெயரில் வாங்கிய மருந்து அது. டாக்டரிடம் வரச் சொன்னாள். சீசன் முடியட்டும் என்றான். சுரண்டாதே என்றாள். சரி என்றான். ஆனால் அரிப்பு யார் பேச்சையும் கேட்பதில்லை.

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சேர்ந்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிரவீனா மேசையின் ஓரத்தில் தன் தனித் தட்டோடு இருந்தாள். சுரேந்தர் நீலச் சட்டை போட்டிருந்தான். லோகப்பிரியா குழம்பு ஊற்றிக்கொண்டே அவன் தோளைப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு, அவன் சட்டைக் காலரை விலக்கினாள், முடியை ஒதுக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி பிரவீனாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. அவள் மற்றொரு கை வயிற்றின்மேல் இருந்தது. அந்த மாதம்தான் நாள் தள்ளியிருந்தது.

“இவிங்களுக்கும் ஒட்டிக்கிச்சுங்க நங்கையா” என்றாள். “உங்ககிட்ட இருந்து.”

அப்புசாமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ராசாத்தாள் மோர்ச் சொம்பை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். சுரேந்தர் தட்டைப் பார்த்தான். மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு சொல் இருந்தது. யாராவது ஒருவர் சொன்னால் போதும். பிரவீனா காத்திருந்தாள். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“எனக்குன்னா பரவால்லீங்க” என்றாள் லோகப்பிரியா, அழுதுகொண்டே. “பொறக்கறதுக்கு வந்துரும்னுதானுங்க.”

“கொஞ்ச நாளைக்கு அக்கா கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்துக்கட்டும்” என்றான் சுரேந்தர், தலையைத் தூக்காமல். “வைத்தியமும் அங்கதான பக்கம்.”

அப்புசாமி, “அதுவும் சரிதான்” என்றார்.

பிரவீனா கை கழுவ எழுந்தாள். “இந்த டெர்ம் முடியட்டும்” என்றாள். பிறகு, லோகப்பிரியாவின் வயிற்றின்மேல் இருந்த கையைப் பார்த்துவிட்டு, “வேண்டாம், நாளைக்கே போயிர்றேன்” என்றாள்.

மறுநாள் சுரேந்தர்தான் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டான். பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்றான். பேருந்து நகரும் முன், தார் ஷாம்புவை எத்தனை நேரம் விட்டு அலச வேண்டும் என்று கேட்டான். அவள் சொன்னாள்.